செலவில்லாத கொடித்தட்டி: மண்ணுக்குள் போவதிலும் முடிச்சிலும்தான் கவனம் வேண்டும்

கேள்வி இதுதான்: பாகல், அவரை, வெள்ளரி ஏற்றுவதற்குத் தட்டியும் வலையும் காசு கொடுத்து வாங்காமல், வீட்டைச் சுற்றிக் கிடக்கிற பழைய சாமான்களையும் வெட்டிப்போட்ட கிளைகளையும் கொண்டே உறுதியாகக் கட்ட முடியுமா? சென்ற பருவத்தில் மெல்லிய மூங்கில் குச்சிகளால் கட்டியது காய் பிடிக்கும் நேரம் பார்த்துச் சாய்ந்துவிட்டது, எங்கே தவறு?

முடியும், நன்றாகவே முடியும். தவறு எங்கே என்பதைப் பார்க்க, தட்டியை இரண்டு பகுதியாகப் பிரித்துப் பாருங்கள். ஒன்று, நிலத்தில் ஊன்றி நின்று காற்றையும் எடையையும் தாங்கும் சட்டம். மற்றது, கொடி பற்றி ஏறும் பின்னல். சட்டம் பல பருவம் நிற்க வேண்டும். பின்னல் ஒரு பருவம் நின்றால் போதும். அதன்பின் இற்றுப்போனால் இன்னும் நல்லது, காய்ந்த கொடியோடு அறுத்து உரக்குழியில் போட்டுவிடலாம். பலர் இதைத் தலைகீழாகச் செய்கிறார்கள். பின்னலுக்கு நைலான் வலை வாங்குகிறார்கள். அதை விரல் பருமன் குச்சியில் கட்டி, ஒரு சாண்கூட ஆழமில்லாமல் மண்ணில் குத்திவைக்கிறார்கள். வலை பல வருடம் கிடக்கும், குச்சி முதல் காற்றில் படுத்துவிடும்.

சாய்வது பெரும்பாலும் காயின் எடையால் நடப்பதில்லை. இலை மூடிய தட்டி காற்றை வாங்கும் கப்பற்பாய் போன்றது. காற்றின் வேகம் இரண்டு மடங்கானால் அது தள்ளும் விசை நான்கு மடங்காகும். மணிக்கு 36 கி.மீ. வேகக் காற்று, எதிரே நிற்கும் ஒரு சதுர மீட்டர் பரப்பைச் சுமார் 6 கிலோ எடைக்குரிய விசையோடு தள்ளும், 72 கி.மீ. என்றால் 24 கிலோ. 1.8 மீட்டர் உயரமும் 2 மீட்டர் அகலமும் உள்ள தட்டியின் பரப்பு 3.6 சதுர மீட்டர். காற்றில் பாதி இலைகளுக்கு இடையே புகுந்து போய்விடுகிறது என்று வைத்தாலும் 40 கிலோவுக்கு மேல் மீதி இருக்கிறது. அந்தத் தள்ளல் இடுப்புயரத்தில் விழுகிறது. எதிர்த்து நிற்க வேண்டியது மண்ணுக்குள் இருக்கும் சிறு துண்டு. மழை பெய்து மண் குழைந்திருக்கும் நாளில்தான் காற்றும் வரும். காய் பிடிக்கும் நேரத்தில் சாய்வதற்குக் காரணம், அப்போதுதான் இலைப்பரப்பு முழுதாக விரிந்திருக்கிறது.

எந்தக் கொடி எதைப் பற்றும்

பொருள் தேடுமுன் கொடி எப்படி ஏறுகிறது என்று பாருங்கள். பின்னலின் பருமனைத் தீர்மானிப்பது அதுதான்.

பாகல், புடல், பீர்க்கு, சுரை, வெள்ளரி, பட்டாணி எல்லாம் பற்றுக்கம்பியால் பிடிப்பவை. பற்றுக்கம்பி மெல்லியதைச் சுற்றும். பென்சில் பருமனைத் தாண்டினால் தடுமாறும். பட்டாணி இன்னும் மெல்லியதைக் கேட்கும். அகலமான பலகையையோ வழவழப்பான இரும்புக் குழாயையோ முன்னால் நிறுத்தினால், இந்தக் கொடிகள் ஏற இடம் தெரியாமல் தரையில் படரும். அப்படிப்பட்ட பொருள்தான் கையில் இருக்கிறது என்றால், அதன் மேல் 15 செ.மீ. இடைவெளியில் சணலைச் சுற்றிவிடுங்கள், பிரச்சினை தீர்ந்தது.

அவரையும் மற்றக் கொடி பீன்ஸ் வகைகளும் தண்டையே சுருட்டி ஏறுபவை. இவற்றுக்கு நிற்கும் கம்பு வேண்டும். 2 முதல் 5 செ.மீ. பருமன் வரை தாராளமாகச் சுற்றும். கிடைக் கம்பிகளால் இவற்றுக்குப் பயனில்லை. பட்டை உரிக்காத கம்பு வழுக்காது. இளங்கொடியை முதலில் கையால் சுற்றிவிடும்போது, மேலிருந்து பார்த்தால் கடிகார முள்ளுக்கு எதிர்த்திசையில் சுற்றுங்கள். மாற்றிச் சுற்றினால் இரவோடு இரவாகப் பிரித்துக்கொண்டு கீழே விழும்.

மிளகு, வெற்றிலை போன்றவை கணுவிலிருந்து வேர்விட்டு ஒட்டுபவை. சொரசொரப்பான, கொஞ்சம் ஈரம் பிடிக்கும் மரம் வேண்டும். தக்காளி எதையும் பற்றாது. அதற்குத் தட்டி என்பது நாம் கட்டிவிடும் இடம் மட்டுமே.

கிளைகளும் கம்புகளும்

இருப்பதிலேயே எளியது சுள்ளித்தட்டி. பல கிளை பிரிந்த சுள்ளிகளை 1.2 முதல் 1.5 மீட்டர் நீளத்துக்கு வெட்டி, அடியைச் சாய்வாகச் சீவி, வரிசையின் இருபுறமும் 20–25 செ.மீ. ஆழத்தில், ஒரு அடி இடைவெளியில் குத்துங்கள். மேல்நுனிகள் ஒன்றோடொன்று பின்னிக்கொள்ளும், முடிச்சே தேவையில்லை. பட்டாணிக்கும் பாகலின் முதல் மாதத்துக்கும் இதைவிடச் சிறந்த பின்னல் கிடையாது. விதை ஊன்றும்போதே குத்திவிடுங்கள். செடி வளர்ந்தபின் குத்தினால் வேரைக் கிழிக்கும்.

பச்சைக் கிளைக்கு ஒரு குணம் உண்டு: கிளுவை, பூவரசு, முருங்கை, கல்யாண முருங்கை, கிளைரிசிடியா இவை போத்து (வெட்டிய கிளைத்துண்டு) நட்டாலே தளிர்ப்பவை. தட்டிக்கென்று குத்திய கொம்பு வேர்விட்டு, கொடிக்குப் போட்ட நீரையும் உரத்தையும் குடிக்கும். வேண்டாமென்றால் சில வாரம் நிழலில் காயவைத்து, மண்ணுக்குள் போகும் பகுதியின் பட்டையை உரித்துவிட்டு நடுங்கள். வேண்டுமென்றே உயிர்க்கொம்பாக வளர்ப்பதும் நல்ல வழிதான். அது இற்றுப்போகாது, கறையானும் தொடாது. ஆனால் வருடத்துக்குச் சில தடவை கழிக்க வேண்டும், காய்கறிக் கொடியிலிருந்து ஒரு மீட்டராவது தள்ளி இருக்க வேண்டும். அரளிக் கொம்பைத் தவிர்த்துவிடுங்கள். அதன் எல்லாப் பாகமும் நஞ்சு. பின்னொரு நாள் தெரியாமல் அடுப்பில் வைத்தால் புகையும் கெடுதல்.

கவைக்கொம்பு, அதாவது நுனி இரண்டாகப் பிரிந்த கொம்பு, கிடைத்தால் அதைத் தறித்துப்போடாதீர்கள். கவையில் படுக்கைக்கம்பை வைத்தால் எடை முழுக்கக் கவையில் இறங்கும். கயிறு வெறுமனே நகராமல் பிடித்தால் போதும். முடிச்சை நம்பி நிற்கும் தட்டியைவிடக் கவையை நம்பி நிற்கும் தட்டி எப்போதும் உறுதி.

மூங்கிலுக்கு வருவோம். மூன்று நான்கு வயது முற்றிய கழியைத் தேர்ந்தெடுங்கள். இளங்கழியில் மாவுச்சத்தும் ஈரமும் அதிகம். காயும்போது சுருங்கும், வண்டு துளைத்து மாவாகக் கொட்டும். வெட்டிய கழியை இரண்டு மூன்று வாரம் நீரில் மூழ்கவைத்து, தேங்கிய நீர் என்றால் அவ்வப்போது மாற்றி, பிறகு நிழலில் நிமிர்த்தி உலர்த்தினால் சத்து கரைந்து வண்டுத் தொல்லை குறையும். மேல்முனையைக் கணுவுக்கு ஒட்டி மேலே வெட்டுங்கள். கணுவிடையில் வெட்டினால் குழலில் மழைநீர் தேங்கி உள்ளிருந்து அழுகும், கொசுவும் முட்டையிடும். ஆணி அடித்தால் நீளவாக்கில் பிளந்துகொண்டு போகும். கட்ட வேண்டும், அல்லது துளையிட்டுக் கம்பி கோக்க வேண்டும். பிளாச்சு (மூங்கிலை நீளவாக்கில் பிளந்த பட்டை) கிழிக்கும்போது நுனிப்பக்கத்திலிருந்து தொடங்கி எப்போதும் நடுவாகப் பிளந்துகொண்டு வாருங்கள். பிளவு ஒரு பக்கம் ஓடினால், தடித்த பக்கத்தை வளைத்துப் பிடியுங்கள். நடுவுக்குத் திரும்பி வரும்.

பதப்படுத்தாத மூங்கில் மண்ணில் ஓரிரு வருடம்தான் தாங்கும். சவுக்கு, வேம்பு போன்றவை கூடுதலாகத் தாங்கினாலும் அடிப்படை ஒன்றுதான்: மரம் இற்றுப்போவது தரைமட்டத்தில்தான். அரை மீட்டர் ஆழத்தில் காற்று குறைவு, மேலே ஈரம் குறைவு. இரண்டும் ஒருசேரக் கிடைப்பது மண்மட்டத்துக்குச் சற்று மேலும் கீழும் உள்ள ஒரு சாண். அங்கேதான் பூஞ்சை தின்னும், அங்கேதான் காற்றின் முறிவிசையும் அதிகம். அடியைக் கரியாகச் சுடுவதால் பெரிய பலனில்லை. கரி வெடித்த கீறல் வழியே ஈரம் உள்ளே போய்விடும். பிளாஸ்டிக் குழாயை உறையாகப் போட்டால் உள்ளே நீர் தேங்கி இன்னும் சீக்கிரம் அழுகும். பழைய எஞ்சின் எண்ணெய் பூசுவதை உண்ணும் செடிக்கு அருகே செய்யவே கூடாது.

நான் பரிந்துரைக்கும் ஒரே வழி இரும்பு முளை. கட்டடக் கழிவில் கிடக்கும் 10 அல்லது 12 மி.மீ. முறுக்குக் கம்பி, கோண இரும்புத் துண்டு, ஜி.ஐ. குழாய்த் துண்டு எதுவானாலும் சரி. ஒரு மீட்டர் துண்டில் 60 செ.மீ. மண்ணில் அடித்து இறக்குங்கள், 40 செ.மீ. மேலே நிற்கட்டும். மரக்கம்பை அதனோடு சேர்த்து, அடி தரையிலிருந்து 5 செ.மீ. தூக்கி நிற்கும்படி ஒரு தட்டைக் கல்லின் மேல் வைத்து, இரண்டு இடத்தில் கட்டுக்கம்பியால் முறுக்குங்கள். மூங்கில் அகலமான குழலாக இருந்தால், அடிக்கணுக்களை உடைத்துக் கம்பியின் மேலேயே செருகலாம். மெல்லிய முறுக்குக் கம்பி தனியாகக் காற்றில் வளையும். அப்போது கீழே சொல்லும் முட்டுக்கம்பு கட்டாயம். கம்பு உளுத்துப்போனால் அதை மட்டும் மாற்றினால் போதும். செலவழிக்கக் கொஞ்சம் பணம் இருந்தால் அது இங்கேதான் போக வேண்டும்.

நிற்கும் தட்டி

2 மீட்டர் அகலத் தட்டிக்கு 4–5 செ.மீ. பருமனில் 2.4 மீட்டர் கம்பு இரண்டு. முளை இல்லாமல் நேரடியாக நடுவதென்றால் கால்பங்கு, அதாவது 60 செ.மீ., மண்ணுக்குள் போக வேண்டும். மணற்பாங்கான நிலத்தில் 75. குழி கம்பைவிடக் கொஞ்சமே அகலமாக இருக்கட்டும். கடப்பாரையால் குத்தி ஆட்டி எடுத்த குழி போதும். மண்ணை மொத்தமாகத் தள்ளி மூடாமல், 10 செ.மீ. போட்டுக் கடப்பாரையின் மழுங்கிய முனையால் கிட்டித்து, மறுபடி 10 செ.மீ. என்று மேலே வாருங்கள். நட்ட இடத்தில் காலால் மட்டும் மிதித்தால் மேல்மண்தான் இறுகும். அடி ஆடிக்கொண்டே இருக்கும்.

மேலே ஒரு படுக்கைக்கம்பு, தரையிலிருந்து ஒரு சாண் உயரத்தில் இன்னொன்று. மேற்புறம் கம்புக்குப் பதிலாகக் கயிறு கட்டிவிடலாமே என்று தோன்றும், கட்டாதீர்கள். மேலிருந்து கீழே ஓடும் நிலைக்கயிறுகள் எல்லாம் சேர்ந்து அதைக் கீழே இழுத்து நடுவில் தொய்யவைக்கும், அதோடு இரண்டு கம்புகளும் உள்ளே சாயும்.

பிறகு சணல். 20 செ.மீ.க்கு ஒன்றாக 11 நிலைக்கயிறு. மேலும் கீழும் ஒரு சுற்றுப் போட்டு ஒரே கயிறாக ஓட்டினால் 22 மீட்டர் ஆகும். அவரைக்கு இது போதும். பற்றுக்கம்பிக் கொடிக்குக் குறுக்கே 20 செ.மீ.க்கு ஒன்றாக 9 வரிசை சேர்த்து, ஒவ்வொரு சந்திப்பிலும் நிலைக்கயிற்றை ஒருமுறை சுற்றிக்கொண்டு போங்கள். மொத்தம் சுமார் 45 மீட்டர். சதுரத்தை 15 செ.மீ.க்குக் கீழே குறுக்காதீர்கள். கை நுழைய வேண்டும், காய் பிதுங்கி மாட்டிக்கொள்ளாமல் தொங்க வேண்டும்.

இப்படிக் கட்டிய நீள்சதுரம் இன்னும் தட்டி ஆகவில்லை. நான்கு மூலையிலும் கட்டிய சதுரச் சட்டம் எவ்வளவு இறுக்கினாலும் சாய்சதுரமாகிவிடும். முக்கோணம் மட்டுமே வடிவம் மாறாது. அதனால் ஒரு மூலையிலிருந்து எதிர்மூலைக்கு ஒரு குறுக்குக் கம்பைச் சாய்வாகக் கட்டுங்கள். இது பக்கவாட்டு ஆட்டத்துக்கு. முகத்தில் அடிக்கும் காற்றுக்கு, ஒவ்வொரு நிலைக்கம்பிலும் 1.2 மீட்டர் உயரத்தில் ஒரு முட்டுக்கம்பைக் கட்டி, அதன் அடியை ஒரு மீட்டர் தள்ளி அடித்த முளையோடு சேர்த்துக் கட்டுங்கள். அடியை வெறுமனே மண்ணில் ஊன்றிவிட்டால் ஒரு திசைக் காற்றுக்குத்தான் முட்டு கொடுக்கும். எதிர்த்திசைக் காற்றில் எழும்பிவிடும். முளையில் கட்டினால் தள்ளலையும் இழுப்பையும் ஒரே கம்பு தாங்கும். சென்ற முறை சாய்ந்த தட்டியில் இந்த இரண்டில் ஒன்று இருந்திருந்தாலே நின்றிருக்கக்கூடும்.

சுவரோரமாக நிறுத்துவதானால் சுவருக்கும் தட்டிக்கும் நடுவே 8–10 செ.மீ. விடுங்கள். காற்றோட்டமில்லாத இடுக்கில் சாம்பல்நோயும் மாவுப்பூச்சியும் குடியேறும்.

முக்காலி

இடம் குறைவு, குழி தோண்ட வசதியில்லை என்றால் முக்காலி. 2.4 மீட்டர் கம்பு மூன்றைப் பக்கம் பக்கமாகத் தரையில் படுக்கவைத்து, நுனியிலிருந்து 20 செ.மீ. தள்ளி, கயிற்றை ஒன்றின் மேல் அடுத்ததன் கீழ் என்று நெளிவாக ஐந்தாறு முறை ஓட்டுங்கள். பிறகு கம்புகளுக்கு இடையிலான இரண்டு சந்துகளிலும் இரண்டு சுற்றுக் குறுக்கே இறுக்குங்கள். நிமிர்த்திக் கால்களை விரித்தால் கட்டு தானே முறுகிப் பிடிக்கும். அதனால் படுக்கையில் கட்டும்போது கொஞ்சம் தளர்வாகவே கட்ட வேண்டும். கல்லாக இறுக்கினால் விரிக்கும்போது கயிறு அறுபடும் அல்லது கம்பு பிளக்கும். கால்களுக்கு இடையே 90 செ.மீ., மண்ணில் 25 செ.மீ. ஆழம்.

இதன் குறை உச்சியில் தெரியும். எல்லாக் கொடியும் ஒரே புள்ளியில் போய் முட்டிக் கொத்தாகி, உள்ளே வெளிச்சமில்லாமல் பூ உதிரும். ஒரு காலுக்கு இரண்டு கொடிக்கு மேல் விடாதீர்கள். வரிசையாக நிறைய அவரை போடுவதானால் முக்காலியை விட்டுவிட்டு, எதிரெதிர்க் கம்புகளை இடுப்புக்கும் மார்புக்கும் நடுவே, சுமார் 1.2 மீட்டரில், பெருக்கல் குறிபோலக் குறுக்கிடவிட்டு, அந்தக் கவட்டில் நீளக் கம்பைப் படுக்கவைத்துக் கட்டுங்கள். மேற்பாதி வெளிப்புறம் விரிவதால் காய்கள் தனித்துத் தொங்கும், பறிப்பதும் எளிது. இரு கடைசியிலும் நீளவாக்கில் சாய்கம்பு வைக்க மறந்தால், முழு வரிசையும் சீட்டு அடுக்கு சரிவதுபோல ஒரே பக்கம் படுக்கும்.

முடிச்சு

இரண்டு கம்பு குறுக்காகச் சேரும் இடத்தில் பெருக்கல் குறியாக நாலு சுற்றுச் சுற்றி ஒரு முடிச்சுப் போடுவதுதான் வழக்கம். ஒரு மாதத்தில் தளர்ந்துவிடும். சரியான கட்டில் இரண்டு கட்டம் உண்டு. கயிற்றை நிலைக்கம்பில் படுக்கைக்கம்புக்குக் கீழே இரட்டைச் சுருக்காக (கம்பை இரண்டு முறை சுற்றி, நுனியை இரண்டாம் சுற்றின் அடியில் செருகி இறுக்கும் முடிச்சு) தொடங்குங்கள். படுக்கைக்கம்பின் முன்னால் ஏற்றி, நிலைக்கம்பின் பின்னால் சுற்றி, மறுபுறம் முன்னால் இறக்கி, மறுபடி பின்னால் கொண்டுவாருங்கள். இப்படி மூன்று சுற்று, ஒவ்வொன்றையும் இழுத்துப் பிடித்து. அடுத்து, இரு கம்புகளுக்கும் நடுவே உள்ள இடுக்கில், போட்ட கயிற்றுக் கற்றையையே சுற்றி இரண்டு மூன்று சுற்று. உண்மையான இறுக்கம் வருவது இந்தக் கடைசிச் சுற்றில்தான்; பலரும் விட்டுவிடுவதும் இதைத்தான். படுக்கைக்கம்பில் இரட்டைச் சுருக்கோடு முடியுங்கள். 3 செ.மீ. கம்புகளுக்கு ஒரு கட்டுக்கு ஒன்றரை மீட்டர் கயிறு வேண்டும்.

பச்சைக் கம்பு காயும்போது மெலியும். கட்டு அப்படியே இருக்க, உள்ளே கம்பு ஆடும். மூன்று வாரம் கழித்து எல்லாக் கட்டையும் மறுபடி இறுக்க வேண்டும். இதைத் தவிர்க்க ஒரு நல்ல பொருள் பழைய சைக்கிள் டியூப். வால்வை வெட்டி எறிந்துவிட்டு, 2 செ.மீ. அகல நாடாக்களாக நீளவாக்கில் வெட்டி, முடிந்தவரை இழுத்துச் சுற்றுங்கள். கம்பு மெலிந்தாலும் ரப்பர் சுருங்கிப் பிடிக்கும். வெயிலில் ஓரிரு வருடத்தில் வெடிக்கும். வெடிப்பு தெரிந்ததும் மாற்றிவிடுங்கள்.

கயிறுகளில் சணல் ஒரு பருவத்துக்குச் சரி. மண்ணைத் தொடும் நுனி முதலில் இற்றுப்போகும், ஆகவே கீழ்முனையை மண்ணில் புதைக்காமல் படுக்கைக்கம்பில் கட்டுங்கள். தேங்காய் நார்க் கயிற்றில் மரத்தன்மை தரும் லிக்னின் அதிகம், ஈரத்தில் கூடுதல் நாள் நிற்கும். சட்டக் கட்டுகளுக்கு அது. பனைநாரையும் மரப்பட்டை நாரையும் ஊறவைத்து ஈரத்தோடு கட்டினால் காயும்போது சுருங்கி இறுகும். முறுக்கிய நூற்கயிறு நேர்மாறு. நனைந்தால் நீளம் குறையும், ஆகவே உலர்ந்த நிலையில் கட்ட வேண்டும். மலிவான பிளாஸ்டிக் கயிறு வெயிலில் பொடிந்து நூல்நூலாக மண்ணில் கலக்கும். தோட்டத்தில் அதைச் சேர்க்காதீர்கள். பின்னால் பொறுக்கி எடுக்க முடியாது.

பந்தல்

புடல், சுரை, பீர்க்குக்குப் பந்தல்தான் பொருத்தம். காய் நேராகத் தொங்கும், இலை வெயிலை நோக்கி மேலே பரவும். 2.7 மீட்டர் கால்கள், 60 செ.மீ. மண்ணில், தலை இடிக்காத உயரம். நனைந்த கொடியும் காயும் சேர்த்துச் சதுர மீட்டருக்கு 10 கிலோ என்று கணக்குப் போட்டுக் கட்டுங்கள்.

பந்தலை வீழ்த்துவது பெரும்பாலும் கம்பியை விறைப்பாக இழுத்துக் கட்டும் ஆசை. 4 மீட்டர் இடைவெளியில் கட்டிய கம்பியின் நடுவில் 10 கிலோ தொங்குகிறது என்று வைப்போம். கம்பி நடுவில் 20 செ.மீ. தொய்ந்தால் அதன் இழுவை சுமார் 50 கிலோ. 10 செ.மீ. மட்டும் தொய்ந்தால் 100 கிலோ, 5 செ.மீ. என்றால் 200 கிலோ. கண்ணுக்கு அழகாக நேர்கோட்டில் நிற்கும் கம்பி, மூலைக்கால்களை உள்ளே பிடுங்கிக்கொண்டிருக்கிறது. 4 மீட்டருக்கு ஒரு சாண் தொய்வு விட்டுக் கட்டுங்கள். இன்னும் நல்லது, நடுவில் ஒரு கவைக்கொம்பை நிறுத்தி இடைவெளியையே பாதியாக்குவது.

மூலைக்கால்களைச் சற்று வெளிப்புறம் சாய்த்து நட்டு, உச்சியிலிருந்து வெளியே ஒரு இழுகம்பி கொடுங்கள். காலின் உயரம் எவ்வளவோ அவ்வளவு தூரத்தில், 60 செ.மீ. ஆழத்தில், ஒரு பெரிய கல்லையோ இரண்டடிக் கட்டையையோ குறுக்காகப் புதைத்து அதில் கட்டுங்கள். வெறும் முளை அடித்தால் மழைக்குப் பின் வழுவிக்கொண்டு வரும். சுற்றுக்கம்பி 2.5 மி.மீ. ஜி.ஐ. கம்பியாக இருக்கட்டும், உள்ளே 40–50 செ.மீ. கட்டங்களுக்கு நார்க்கயிறு போதும். பருவம் முடிந்ததும் உட்பின்னலை மட்டும் அறுத்து எடுப்பீர்கள்.

கழிவிலிருந்து வருபவை

பழைய சைக்கிள் சக்கரம் ஒன்று இருந்தால் அழகான கூம்புத்தட்டி கிடைக்கும். டயரையும் டியூபையும் கழற்றிவிட்டு, 2.6 மீட்டர் கம்பின் உச்சியில் 10 மி.மீ. துளையிட்டு, அச்சின் முனையை அதில் இறக்குங்கள். கம்பின் தலை பிளக்காமலிருக்க, துளையிடுமுன் கட்டுக்கம்பியால் நாலு சுற்று வளையம் போடுங்கள். சக்கரம் சுழலாதபடி ஒரு ஆரத்தைக் கம்போடு சேர்த்துக் கட்ட வேண்டும். மறந்தால் முதல் காற்றில் கயிறுகளெல்லாம் முறுக்கிக்கொண்டு கூம்பு கயிறாகிவிடும். ரிம்மிலிருந்து 12 சணல் கயிறுகளைத் தரையில் ஒரு மீட்டர் வட்டத்தில் அடித்த முளைகளுக்கு இறக்குங்கள். 2 மீட்டர் உயரத்துக்கு 25 மீட்டர் சணல் போதும்.

சரக்கு அடுக்கும் பலகைச் சட்டங்களை (பேலட்) எடுக்குமுன் முத்திரையைப் பாருங்கள். நாடுகளுக்கிடையே போகும் மரச்சட்டங்களுக்கான ஐ.எஸ்.பி.எம். 15 விதிப்படி, கதிர் அடையாளத்தின் அருகே எச்.டி. (HT) என்றிருந்தால் மரத்தின் மையம்வரை 56 டிகிரி செல்சியஸில் 30 நிமிடம் சூடாக்கப்பட்டது, பயன்படுத்தலாம். எம்.பி. (MB) என்றிருந்தால் மெத்தில் புரோமைடு என்ற நச்சுப் புகை போட்டது, விட்டுவிடுங்கள். முத்திரை நன்றாக இருந்தும் எண்ணெயோ ரசாயனமோ சிந்திய கறை தெரிந்தால் அதுவும் வேண்டாம். இரண்டு சட்டங்களின் தலையை மூன்று இடத்தில் கம்பியால் இணைத்து, அடியை 80 செ.மீ. விரித்தால் கூடாரத்தட்டி தயார். வெள்ளரிக்கு நல்லது, அடியில் கிடைக்கும் நிழலில் கீரையும் போடலாம். பலகை அகலமானது என்பதால் சணல் சுற்ற மறக்காதீர்கள். பிரித்தெடுக்கும்போது நெம்பினால் பலகை வெடிக்கும். இடுக்கில் ஆக்ஸா பிளேடை விட்டு ஆணியை அறுப்பது சுலபம்.

பச்சைச் சாயல் உள்ள பழைய பதப்படுத்திய மரத்தில் ஆர்சனிக் இருக்கலாம். பழைய ரயில் கட்டைகளில் ஏறியிருப்பது கிரியோசோட் என்ற நச்சு எண்ணெய். உரிந்துகொண்டிருக்கும் பழைய பெயின்டில் ஈயம் இருக்கக்கூடும். இந்த மூன்றையும் காய்கறிப் பக்கம் கொண்டுவராதீர்கள், சுரண்டவும் எரிக்கவும் செய்யாதீர்கள்.

ஜன்னல் கிரில், இரும்புக் கட்டிலின் தலைச்சட்டம், துணி உலர்த்தும் ஸ்டாண்டு, மின்விசிறிக் கூண்டு எல்லாமே உதவும். கனமான கிரில்லைச் சாய்த்து மட்டும் வைக்காதீர்கள். குழந்தை ஏறினால் மேலே விழும். இரண்டு கோண இரும்போடு கட்டுங்கள். முறுக்குக் கம்பி நீளமாகக் கிடைத்தால் வளைவு செய்யலாம். 1.2 மீட்டர் அகலம், 1.8 மீட்டர் உயரம் உள்ள அரைவட்டத் தலை வளைவுக்கு வெளியே 4.3 மீட்டர், மண்ணுக்குள் இருபுறமும் 30 செ.மீ., ஆக 4.9 மீட்டர். 10 மி.மீ. கம்பி மீட்டருக்கு 600 கிராமுக்குக் கொஞ்சம் மேல். ஒரு வளைவு 3 கிலோ. இரண்டு வளைவுகளை 60 செ.மீ. இடைவெளியில் நிறுத்திக் குறுக்கே பிளாச்சு கட்டினால் பாகலுக்கு நெடுநாள் வீடு.

பழைய மீன்வலையைப் பற்றி ஒரு எச்சரிக்கை. கண் சிறியதாகவும் இழை மெல்லியதாகவும் இருந்தால் பாம்பும் ஓணானும் பறவையும் சிக்கி மெதுவாகச் சாகும். பெரிய கண் வலையை மட்டும், விறைப்பாக, தரையிலிருந்து ஒரு சாண் தூக்கிக் கட்டுங்கள்.

கிழிந்த பருத்திப் பனியன் தக்காளித் தண்டைக் கட்டுவதற்கு உகந்தது. கைப்பகுதிக்குக் கீழே குழல்போல உள்ள உடல்பகுதியை 2.5 செ.மீ. அகலத்தில் சுருளாக, ஒரே நாடாவாக வெட்டிக்கொண்டே போங்கள். சுற்று ஒரு மீட்டரும் நீளம் 60 செ.மீ.யும் உள்ள பனியனில் 24 மீட்டர் நாடா வரும். எட்டு எண் வடிவில், நடுவில் தண்டு பருக்க ஒரு விரல் இடம் விட்டுக் கட்டுங்கள். பெரிய சுரை, பூசணிக்கு அதே துணியில் தொட்டில் கட்டலாம்; தொட்டிலைத் தாங்க வேண்டியது சட்டம், கொடி அன்று.

மாடியில்

20 லிட்டர் பெயின்ட் வாளியில் பாதிவரை கான்கிரீட் ஊற்றிக் கம்பை நிறுத்தினால் 24 கிலோ அடித்தளம் கிடைக்கும். ஆனால் அதை மட்டும் நம்பாதீர்கள். வாளியின் எடை வேலை செய்வது 15 செ.மீ. நெம்புதூரத்தில்; காற்றின் தள்ளல் வேலை செய்வது 90 செ.மீ. உயரத்தில். அதனால் தட்டியைக் கைப்பிடிச்சுவரிலோ தூணிலோ இரண்டு உயரங்களில் கட்டியே ஆக வேண்டும். தொட்டிக்குள் நேரடியாகக் குச்சி குத்துவது தக்காளி அளவுக்கு மேல் உதவாது. கொடி வளர்ந்தபின் தட்டியும் தொட்டியும் சேர்ந்தே உருளும். மாடியில் 1.5 மீட்டர் உயரத்துக்கு மேல் போகாமல், நீளத்தைக் கூட்டுங்கள்.

பருவத்தின் நடுவே தட்டி சாயத் தொடங்கினால் நிமிர்த்தி இழுக்காதீர்கள், வேர்க்கழுத்து முறியும். சாய்ந்த நிலையிலேயே அடியில் இரண்டு முட்டுக்கம்பு கொடுத்து நிறுத்துங்கள், முற்றிய இலைகளில் மூன்றில் ஒரு பங்கைக் கழித்துக் காற்றுக்கு வழி விடுங்கள், பெரிய காய்களை உடனே பறித்துவிடுங்கள். பருவம் முடிந்ததும் கொடியைத் தூரில் அறுத்து ஒரு வாரம் காயவிட்டால், பின்னலோடு பாய்போலச் சுருட்டி எடுக்க வரும். நோய் கண்ட கொடியாக இருந்தால் உரக்குழிக்கு வேண்டாம். கம்புகளை, ஒரு பங்கு பிளீச்சிங் திரவத்துக்கு ஒன்பது பங்கு நீர் கலந்து துடைத்து, பத்து நிமிடம் விட்டுக் கழுவி, நல்ல வெயிலில் காயவைத்து, மழை படாத இடத்தில் படுக்கவைத்து அடுக்குங்கள். சுவரில் சாய்த்து வைத்த மூங்கில் அடுத்த பருவத்துக்குள் வில்லாக வளைந்திருக்கும்.